இரண்டு அளவுகோல்களுக்கு இடையே மாற்றும் கணக்குகள்: சூத்திரம் பாடமாக்காமல் செய்யும் வழி

காலையில் இருந்ததைவிட மத்தியானம் கொழும்பில் 5 செல்சியஸ் டிகிரி கூடிவிட்டது. பரன்ஹைட்டில் எத்தனை டிகிரி கூடியிருக்கும்?

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு மாலை வகுப்புக்கு வரும் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளிடம் முதல் நாள் இதைத்தான் கேட்பேன். பாதிப் பேருக்கு மேல் "41, மிஸ்" என்பார்கள். 5ஐ 1.8ஆல் பெருக்கி 32 கூட்டினால் 41தான். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் காலையில் 78 பரன்ஹைட் இருந்தால் மத்தியானம் 119 ஆகிவிடும். கொழும்பு வெயில் கொடுமைதான், அதற்காக அவ்வளவு இல்லை. சரியான விடை 9.

சூத்திரம் தெரிந்த பிள்ளைதான் இந்த இடத்தில் அதிகம் சறுக்குகிறது. அதனால் கீழே உள்ள வரிசையில் சூத்திரம் ஆறாவதாகத்தான் வருகிறது.

1. தொடங்கும் முன்

மூன்று விஷயம் கைவசம் இருக்க வேண்டும். மறை எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரிய வேண்டும், பின்னத்தால் பெருக்கத் தெரிய வேண்டும், ஒரு தெரியாக் கணியம் உள்ள எளிய சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் பத்துக் கணக்குக்கு கல்குலேட்டரைத் தள்ளி வையுங்கள். 1.8 என்று தட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 180/100 என்று எழுதிச் சுருக்கினால் எந்த இடைவெளியை எதனால் வகுத்தீர்கள் என்பது கொப்பியிலேயே கிடக்கும். பிழை வந்தால் தேடிப் பிடிக்கவும் அதுதான் வழி.

2. இரண்டு பூச்சியங்களும் ஒரே இடத்திலா?

எண்ணைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இங்கே பூச்சியம் என்றால் அங்கேயும் பூச்சியமா?

காணி அளவை எடுங்கள். 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஒரு பேர்ச் ஏறக்குறைய 25.29 சதுர மீற்றர். பூச்சியம் பேர்ச் காணி பூச்சியம் சதுர மீற்றர்தான். பவுனும் அப்படியே. ஒரு பவுன் 8 கிராம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இவற்றுக்குப் பெருக்கல் மட்டும் போதும், ஒரே ஒரு சோடி எண் தெரிந்தால் கணக்கு முடிந்தது.

இன்னொரு வகை இதற்கு நேர்மாறானது. லண்டனில் இருக்கும் மாமிக்குப் போன் எடுக்கிறவர்களுக்கு இது பழக்கம். குளிர்காலத்தில் இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே பிற்பகல் 3.30. அந்தக் காலத்தில் எந்த நேரத்துக்கும் ஐந்தரை மணி கழித்தால் சரி, பெருக்க ஒன்றும் இல்லை. பூச்சியம் மட்டும் இடம் மாறியிருக்கிறது, படியின் பருமன் ஒன்றுதான். செல்சியஸும் கெல்வினும் இந்தக் குடும்பம், 273.15 கூட்டினால் போதும்.

மூன்றாவது வகையில் இரண்டுமே மாறியிருக்கும். பூச்சியமும் வேறு இடத்தில், படியும் வேறு பருமன். செல்சியஸ்–பரன்ஹைட் இதில் சேரும். பரீட்சையில் வருவதும், பிள்ளைகள் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

3. இரண்டு சோடிகளை ஒரே வரியில் எழுதுங்கள்

நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளி வேண்டும். ஆகவே இரண்டு அளவுகோல்களிலும் வாசிப்புத் தெரிந்த இரண்டு நிலைகள் வேண்டும். இடப்பக்கத்தில் அந்த நிலையின் பெயரையும் எழுதுங்கள்.

உருகும் பனிக்கட்டி: செல்சியஸ் 0, பரன்ஹைட் 32
கொதிக்கும் நீரின் ஆவி: செல்சியஸ் 100, பரன்ஹைட் 212

பெயர் எதற்கு என்று கேட்பார்கள். வினாவில் எண்கள் குழப்பமான ஒழுங்கில் வரும்போது ஒன்றின் பனிக்கட்டியை மற்றதின் ஆவிக்கு நேரே எழுதிவிடுவார்கள். பெயர் இருந்தால் அந்த மாறாட்டம் நடக்காது.

சோடிகளை நீங்களே தெரிவு செய்வதானால் ஒன்றுக்கொன்று தூரத்தில் உள்ளவற்றை எடுங்கள். ஒரு பிள்ளை வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை நினைவில் வைத்துக்கொண்டு 37க்கு 98.4, 40க்கு 104 என்று எழுதினாள். வீடுகளில் நாங்கள் 98.4 என்றுதானே சொல்வோம். ஆனால் 37க்குச் சரியான எண் 98.6. அவளுடைய சோடிகளின்படி 3 டிகிரிக்கு 5.6, அதாவது ஒன்றுக்கு 1.867. அதை வைத்து 100 செல்சியஸுக்குக் கணக்குப் பார்த்தால் 216 வருகிறது. 0.2 பிழை 4 டிகிரியாக வளர்ந்துவிட்டது. கிட்டக் கிட்ட இருக்கும் இரண்டு புள்ளிகளில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறிப் பாருங்கள், மறுமுனை எப்படி ஆடுகிறது என்று தெரியும்.

4. இடைவெளிகளை மட்டும் எடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

செல்சியஸில் பனிக்கட்டியிலிருந்து ஆவி வரை 100 படி. பரன்ஹைட்டில் அதே தூரம் 212 − 32 = 180 படி. ஆகவே ஒரு செல்சியஸ் படி 180/100 = 9/5 பரன்ஹைட் படிக்குச் சமம்.

எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது? "கேட்பது மேலே, தந்தது கீழே" என்று வைத்துக்கொள்ளுங்கள். பரன்ஹைட்டைக் கேட்டால் 180/100. செல்சியஸைக் கேட்டால் 100/180. சந்தேகம் வந்தால் படியின் பருமனை யோசியுங்கள். பரன்ஹைட் படி சிறியது. சிறிய கரண்டியால் அள்ளினால் எண்ணிக்கை கூடத்தானே வேண்டும்? அதனால் பரன்ஹைட்டுக்குப் போகும்போது பெருக்கும் எண் ஒன்றைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 5 டிகிரி கூடியது என்பது ஓர் இடைவெளி. 5 × 9/5 = 9. அவ்வளவுதான். 32 ஏன் வரவில்லை? காலையில் 27, மத்தியானம் 32 செல்சியஸ் என்று வையுங்கள். பரன்ஹைட்டில் 80.6, 89.6. இரண்டிலும் அந்த 32 உள்ளே இருக்கிறது, கழிக்கும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. லண்டன் மாமியோடு நாற்பது நிமிடம் கதைத்தால் அங்கேயும் நாற்பது நிமிடம்தான். அதிலிருந்து யாரும் ஐந்தரை மணி கழிப்பதில்லை.

ஆகவே வினாவில் "கூடியது", "குறைந்தது", "வித்தியாசம்", "ஏற்றம்" என்ற சொல் வந்தால் அடிக்கோடு போடுங்கள். அது இடைவெளிக் கணக்கு, பெருக்கலோடு நின்றுவிட வேண்டும். "வெப்பநிலை எவ்வளவு?", "வாசிப்பு என்ன?" என்று வந்தால் அது இடக் கணக்கு. அதற்கு அடுத்த படி.

5. கழி, நீட்டு, கூட்டு

30 செல்சியஸ் பரன்ஹைட்டில் எவ்வளவு? தெரிந்த வரி ஒன்றிலிருந்து புறப்படுங்கள்.

கழி: பனிக்கட்டியிலிருந்து 30 எவ்வளவு தூரம்? 30 − 0 = 30 படி.
நீட்டு: அந்தத் தூரம் பரன்ஹைட் படியில் எவ்வளவு? 30 × 9/5 = 54.
கூட்டு: பரன்ஹைட்டில் பனிக்கட்டி இருப்பது 32இல். அங்கிருந்து 54 படி ஏறினால் 86.

அடிக்கடி நடக்கும் பிழை, முதலில் 32ஐக் கூட்டிவிட்டுப் பெருக்குவது. (30 + 32) × 9/5 = 111.6. ஏன் பிழை? 32 ஏற்கெனவே பரன்ஹைட் படியில் உள்ள எண். செல்சியஸ் படிகளைத்தான் நீட்ட வேண்டும், இதை நீட்டக் கூடாது.

இன்னொன்று: முதல் படியில் "0ஐக் கழிப்பதில் என்ன வரப் போகிறது" என்று விட்டுவிடுவது. செல்சியஸில் ஒன்றும் வராது. ஆனால் ஒன்பதாம் படியில் வரும் வெப்பமானியில் இதே பழக்கம் முழு விடையையும் கெடுத்துவிடும். பூச்சியமாக இருந்தாலும் எழுதுங்கள்.

6. இப்போது சமன்பாடு

மேலே செய்ததையே எழுத்தில் எழுதினால் ப = 9/5 செ + 32. இதில் 9/5 படித்திறன், 32 வெட்டுத்துண்டு. செ பூச்சியமாக இருக்கும்போது ப எவ்வளவு என்பதுதான் வெட்டுத்துண்டு. வெப்பநிலையில் அது முதல் வரியிலேயே கிடைத்துவிடும். அதனால்தான் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் முதல் சோடியின் இரண்டாவது எண்ணைத் தூக்கி வெட்டுத்துண்டாகப் போட்டுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். கடினமான வினாத்தாள் ஒன்றுக்குப் புள்ளிகளைத் திருத்தி அமைக்கிறோம். 28 எடுத்தவருக்கு 40, 76 எடுத்தவருக்கு 100. இடைவெளிகள் 48க்கு 60, ஆகவே படித்திறன் 60/48 = 5/4. வெட்டுத்துண்டு 40 அல்ல. 28இலிருந்து பூச்சியத்துக்கு 28 படி இறங்க வேண்டும், அதற்கு மறுபக்கத்தில் 28 × 5/4 = 35 இறங்கும். 40 − 35 = 5. ஆகவே புதிய புள்ளி = 5/4 × பழைய புள்ளி + 5. 52 எடுத்தவருக்கு 65 + 5 = 70.

7. திரும்பி வருவது

திரும்பும்போது செய்கைகளும் தலைகீழ், அவற்றின் ஒழுங்கும் தலைகீழ். சோற்றுப் பார்சலை நினையுங்கள். கட்டும்போது முதலில் லஞ்ச் சீட், மேலே பேப்பர். பிரிக்கும்போது பேப்பர்தான் முதலில் கழலும். போகும்போது கடைசியாகக் கூட்டியது 32, ஆகவே வரும்போது முதலில் கழிப்பது 32.

செ = 5/9 × (ப − 32)

350 பரன்ஹைட்டில் கேக் போடச் சொல்கிறது சமையல் குறிப்பு. 350 − 32 = 318, அதை 5/9ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 177. அடைப்பை மறந்தவர்களுக்கு 194.4 − 32 என்று 162.4 வரும்.

8. சரிபார்ப்பது

மூன்று சோதனை உண்டு, மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம்தான்.

பயன்படுத்தாத மற்றச் சோடியைப் போட்டுப் பாருங்கள். பனிக்கட்டியிலிருந்து புறப்பட்டிருந்தால் ஆவியைப் போடுங்கள்: 100 × 9/5 + 32 = 212. சரி. புறப்பட்ட சோடியையே திரும்பப் போட்டால் அது எப்படியும் சரியாகத்தான் வரும், படித்திறன் பிழையாக இருந்தாலும்கூட. அது சோதனை ஆகாது.

அடுத்தது நடுப்புள்ளி. 0க்கும் 100க்கும் நடு 50. 32க்கும் 212க்கும் நடு 122. 50ஐப் போட்டால் 122 வர வேண்டும், வருகிறது.

கடைசி, புத்திக்குப் படுகிறதா என்று பார்ப்பது. இதை நான் ஒரு பட்டர் கேக்கில் படித்தேன். அம்மாவின் பழைய ஓவனின் திருகில் பரன்ஹைட் எண்கள்தான் இருந்தன. நான் குறிப்பில் இருந்த 180ஐ அப்படியே வைத்துவிட்டேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் கலவை நடுவில் தளதளவென்று ஆடுகிறது. 180 பரன்ஹைட் என்பது ஏறக்குறைய 82 செல்சியஸ், தண்ணீர் கொதிக்கக்கூடப் போதாது. வைத்திருக்க வேண்டியது 356. கணக்கு மிஸ் வீட்டுக் கேக் என்று தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

சில எண்களை மனதில் வைத்திருந்தால் இந்தச் சோதனை தானாக நடக்கும். கொழும்பின் சாதாரணப் பகல் 30க்கு 86. உடல் வெப்பம் 37க்கு 98.6. கடும் காய்ச்சல் 40க்கு 104.

9. பிழையான வெப்பமானிக் கணக்கு

ஒரு வெப்பமானி உருகும் பனிக்கட்டியில் 4 என்றும், கொதிநீராவியில் 94 என்றும் காட்டுகிறது. அறையில் அது 31 காட்டினால் உண்மையான வெப்பநிலை என்ன?

இதை ஒரு பழுதான கருவி என்று பார்க்காதீர்கள். தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கும் இன்னொரு வெப்பமானி என்று பாருங்கள். மூன்றாம் படியின் அட்டவணைதான்.

பனிக்கட்டி: உண்மை 0, வாசிப்பு 4
ஆவி: உண்மை 100, வாசிப்பு 94

வகுப்பில் வரும் விடைகள் எனக்கு மனப்பாடம். "4 கூடக் காட்டுகிறது, ஆகவே 27" என்பது ஒன்று. பனிக்கட்டிக்குப் பக்கத்தில் அது ஏறக்குறையச் சரி. ஆனால் ஆவியில் இதே வெப்பமானி 6 குறைத்துக் காட்டுகிறதே, அப்போது பிழை எல்லா இடத்திலும் 4 ஆக இருக்க முடியாது. "31 × 100/94" என்பது இன்னொன்று, அதாவது பூச்சியங்கள் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள்.

சரியான வழி: வாசிப்பின் இடைவெளி 94 − 4 = 90, உண்மையின் இடைவெளி 100. கேட்பது உண்மை, அது மேலே: 100/90.
கழி: 31 − 4 = 27.
நீட்டு: 27 × 100/90 = 30.
கூட்டு: 0 + 30 = 30.

அறை 30 செல்சியஸ். அறையில் வெப்பமானி 1 டிகிரிதான் கூடக் காட்டியிருக்கிறது.

இதன் தொடர்ச்சியாக ஒரு கேள்வி வரும்: எந்த வெப்பநிலையில் இந்த வெப்பமானி சரியாகக் காட்டும்? வாசிப்பு = 0.9 × உண்மை + 4. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆகவே உ = 0.9உ + 4, அதாவது 0.1உ = 4, உ = 40. சமன்பாடு இல்லாமலும் பார்க்கலாம். கீழே 4 கூட, மேலே 6 குறைவு. 100 படிக்குள் 10 மாறுகிறது, பத்துப் படிக்கு ஒன்று. 4 கரைய 40 படி வேண்டும்.

செல்சியஸும் பரன்ஹைட்டும் எங்கே ஒரே எண்ணைக் காட்டும் என்பதும் இதே கேள்விதான். 0 செல்சியஸில் பரன்ஹைட் 32 முன்னால் நிற்கிறது. ஒவ்வொரு செல்சியஸ் படி இறங்கும்போதும் பரன்ஹைட் 1.8 இறங்குகிறது, ஆகவே வித்தியாசம் 0.8 குறையும். 32ஐ 0.8ஆல் வகுத்தால் 40. ஆக, −40இல். பிள்ளைகள் சிலர் மேலே ஏறித் தேடுவார்கள். ஏற ஏற வித்தியாசம் கூடத்தான் செய்யும்.

10. அட்டவணை துள்ளினால்: சப்பாத்து அளவு

சப்பாத்துக் கடையில் பிரித்தானிய அளவும் ஐரோப்பிய அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெரியவர்களின் பிரித்தானிய அளவு, சப்பாத்து அச்சின் நீளத்தை அங்குலத்தில் எடுத்து 3ஆல் பெருக்கி 25 கழித்தது. ஐரோப்பிய அளவு அதே நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 1.5ஆல் பெருக்கியது. நேரடிச் சூத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை, இரண்டு சோடி செய்துகொள்ளலாம்.

10 அங்குல அச்சு (25.4 செ.மீ.): பிரித்தானிய 5, ஐரோப்பிய 38.1
11 அங்குல அச்சு (27.94 செ.மீ.): பிரித்தானிய 8, ஐரோப்பிய 41.91

3 படிக்கு 3.81, ஒன்றுக்கு 1.27. ஆகவே 6க்கு 39.37, 7க்கு 40.64. முழு எண்ணாக்கினால் 5க்கு 38, 6க்கு 39, 7க்கு 41, 8க்கு 42. நடுவில் 40ஐக் காணவில்லை. "மிஸ், இது நேர்கோடு இல்லை" என்று ஒருத்தன் எழும்பி நின்றான். கோடு நேர்தான், துள்ள வைப்பது முழு எண்ணாக்கம். ஆகவே முழு எண்ணாக்குவதைக் கடைசி வரிக்கு வையுங்கள். நடுவில் 1.27ஐ 1.3 ஆக்கிவிட்டுத் தொடர்ந்தால் பெரிய அளவுகளில் விடை விலகிப் போகும்.

11. இந்த முறை செல்லாத இடம்

எல்லா மாற்றமும் நேர்கோடு அல்ல. வாகனம் ஒரு லீற்றருக்கு எத்தனை கி.மீ. ஓடும் என்பதையும், 100 கி.மீ.க்கு எத்தனை லீற்றர் குடிக்கும் என்பதையும் எடுங்கள். 5க்கு 20, 20க்கு 5. இரண்டு சோடி இருக்கிறதே என்று கோடு போட்டால் நடுப்புள்ளி 12.5க்கு 12.5 வர வேண்டும். உண்மையில் 100/12.5 = 8. இரண்டு சோடி இருந்தால் எதற்கு இடையிலும் கோடு போடலாம். அது நேர்கோடுதானா என்று சொல்வது மூன்றாவது சோடி. வினாவில் "நேர்கோட்டுத் தொடர்பு" என்றோ "சீரான அளவுகோல்" என்றோ எழுதியிருந்தால்தான் இரண்டோடு நிறுத்தலாம்.

12. செய்து பாருங்கள்

அ) ஓர் அளவுகோலில் பனிக்கட்டி 20, ஆவி 170. 30 செல்சியஸில் வாசிப்பு என்ன?
ஆ) பரன்ஹைட் எண் செல்சியஸ் எண்ணின் இரு மடங்காவது எப்போது?
இ) வெப்பநிலை 1.5 கெல்வின் கூடினால் பரன்ஹைட்டில் எவ்வளவு கூடும்?

விடைகள்: அ) 65. உங்களுக்கு 75 வந்தால் கூட்டிவிட்டு நீட்டியிருக்கிறீர்கள், 50 வந்தால் நீட்டவே இல்லை. ஆ) 160 செல்சியஸில், அப்போது பரன்ஹைட் 320. இ) 2.7. 34.7 வந்தவர்கள் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.